சிம்சிம் என்னுடைய நாய்தான், பாஷா

ரொட்டிக் கடையில் அடுப்பின் வாயில் நிற்கிறவனுக்கு இடுப்புதான் முதலில் போகும் என்று வெளியாட்கள் நினைப்பார்கள். இடுப்பு பழகிவிடும். கண் பழகாது. விடிந்து வீட்டுக்குப் போகும்போது இரண்டு இமைக்குள்ளும் மணலை அள்ளிப் போட்ட மாதிரி உறுத்தும். அதற்குத் தூக்கத்தைத் தவிர வேறு மருந்து கிடையாது. இப்போதும் அப்படித்தான் உறுத்துகிறது. ராத்திரி வேலை முடிந்து வீடு திரும்பிச் செருப்பைக் கழற்றுவதற்குள் உங்கள் போலீஸ்காரர்கள் வந்து இங்கே கூட்டிவந்துவிட்டார்கள். தேநீர் கொடுத்தீர்கள், அல்லாஹ் உங்கள் கைக்கு நலம் தரட்டும். சீக்கிரம் முடித்துக்கொண்டால் நல்லது, பாஷா. நாய் அறையில் தனியாக இருக்கிறது.

அலெக்ஸாந்திரியாவில் இருக்கும் மதாம் நிமத், செத்துப்போன தன் அக்காவின் நாயை நான் திருடிவிட்டதாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்று சொன்னீர்கள். அந்த அம்மாவின் கணவர் பெரிய இடத்தில் இருந்தவராம். இல்லாவிட்டால் கெய்ரோவில், அதுவும் எங்கள் ஷுப்ராவில், ஒரு தெருநாய்க்காக யாரும் கோப்பு திறக்கமாட்டார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் நான் திருடன் இல்லை. அந்த நாய்க்காக அந்த அம்மா என்ன செய்தார்கள், நான் என்ன செய்தேன் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அப்புறம் அது யாருடையது என்று நீங்களே சொல்வீர்கள். அதற்கு முதலிலிருந்து சொல்லவேண்டும்.

எங்கள் கட்டடம் மன்னர் காலத்தது. மின்தூக்கி செத்து எத்தனையோ வருடமாகிறது. படிகள் சலவைக்கல். ஏறி இறங்கி ஏறி இறங்கி ஒவ்வொரு படியும் நடுவில் கிண்ணம்போலத் தேய்ந்திருக்கும். நான் மொட்டை மாடி அறையில் தனி ஆள், அடுப்புவேலை தெரிந்தவன் என்று எல்லோரும் உஸ்தா என்பார்கள். மனைவியும் பிள்ளைகளும் கிராமத்தில், மனூஃபிய்யாவில். எனக்கு நேர் கீழே அப்லா இன்ஷிராஹ். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், அதனால் தெருவே அவரை அப்லா என்றுதான் கூப்பிடும். ஒரு மழைக்காலத்தில் காருக்கடியில் கிடந்த குட்டியை மடியில் வைத்துத் தூக்கிவந்தார். எள்ளு நிறம். அதனால் எள்ளின் பேரையே, சிம்சிம் என்று வைத்தார்.

அவருடைய கணவர் நெடுநாள் படுக்கையில் இருந்தார். அவர் இருந்தவரை வீட்டில் எந்நேரமும் ஒரு ஆள் உண்டு. நாய் இருப்பதே எனக்குத் தெரியாது. அவர் போனார், ஓய்வூதியம் வாடகைக்கும் வெங்காயத்துக்கும் சரியாகப் போயிற்று, அப்லா வீடு வீடாகப் போய்ப் பாடம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். காலையில் கிளம்புவார். நான் அப்போதுதான் படுத்திருப்பேன்.

முதலில் அவர் சாவிக்கொத்தை எடுக்கும் சத்தம் வரும். உடனே ஒரு முனகல். கதவைச் சாத்துவார். அப்புறம் கதவை நகத்தால் பறண்டுகிற சத்தம், மரத்தை அரத்தால் ராவுகிற மாதிரி. பிறகு குரைப்பு. நாய் ஆளைப் பார்த்துக் குரைப்பது வேறு. அது நிறுத்தி நிறுத்திக் குரைக்கும். இது நிறுத்தவில்லை. ஒரே சுதியில், மூச்சு எடுக்க மட்டும் இடம் விட்டு, அப்லா திரும்பி வரும்வரை. எங்கள் கட்டடத்தின் நடுவில் வெளிச்சத்துக்காக மேலிருந்து கீழ்வரை ஒரு குழி விட்டிருக்கிறார்கள். அந்தக் குழி வழியாக அது நேராக என் தலையணைக்கு வந்துசேரும்.

வாயிற்காவலன் கினாவியிடம் சொன்னேன். அவனும் அவன் மனைவி பஹானாவும் படிக்கட்டுக்கு அடியில் ஒரு அறையில் இருந்தார்கள்.

"கினாவி, அந்த நாய்க்குத் தொண்டையே கட்டாதா?"

"உஸ்தா, ராத்திரி குரைச்சா அஞ்சு மாடியும் சண்டைக்கு எறங்கி வரும். பகல்ல குரைக்கறதப் பத்தி நான் யார்கிட்டப் போய்ச் சொல்ல? இந்தக் கட்டடத்துல பகல்ல தூங்கற ஆளு நீங்க ஒருத்தர்தான்."

உள்ளேயிருந்து பஹானா குரல் கொடுத்தாள். "நாய மாத்த முடியாது. உஸ்தா வேலைய மாத்திக்கட்டும். பகல்ல ரொட்டி சுடற எடம் ஒண்ணு இல்லாமலா போயிடும்?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் கூடச் சிரித்தேன். நான் சண்டைக்காரன் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

பிறகு அப்லாவின் கதவைத் தட்டினேன். மரியாதையாக உட்காரவைத்தார். நாய் அவருடைய செருப்பின்மேல் தாடையை வைத்துப் படுத்திருந்தது. வாய் ஓரமெல்லாம் ஈரம். கதவின் உள்பக்கம் கீழ்ப்பாகத்தில் வண்ணமே இல்லை, வெறும் மரம் தெரிந்தது. அதில் ரத்தக்கோடு இருந்தது.

"நகம் பேந்துபோச்சு உஸ்தா," என்றார். "கால்நடை டாக்டர்கிட்டக் கொண்டுபோய்க் காட்டினேன். இது வம்புக்குக் குரைக்கலையாம். பயமாம். நான் வெளிய போனா திரும்பி வரவே மாட்டேன்னு நெனைச்சுக்குதாம். எங்க வீட்டுக்காரர அப்படித்தானே ஒருநாள் வெளிய தூக்கிட்டுப் போனாங்க, திரும்பி வரவே இல்ல. அடிச்சா இன்னும் மோசமாகும்னு சொன்னாரு."

"அப்ப என்னதான் மருந்து?"

"கொஞ்சம் கொஞ்சமாப் பழக்கணும். சாவிய எடுத்துட்டுப் போகாம உக்காந்துக்கணும். வெளிய போய் ஒரு நிமிஷத்துல திரும்பி வரணும், அப்புறம் ரெண்டு நிமிஷம். போகும்போது கொஞ்சக்கூடாது, வரும்போதும் கொஞ்சக்கூடாது. மாசக்கணக்கா ஆகுமாம். அதுவரைக்கும் தனியா விடாம இருக்கறதுதான் முக்கியமாம்."

நான் கேட்டுக்கொண்டேன். பிறகு அவர் ஒன்று சொன்னார். அதைச் சொன்ன மாதிரியே சொல்கிறேன்.

"நீங்க பகல்ல சும்மாதானே இருக்கீங்க உஸ்தா. உங்க ரூம்ல விட்டுட்டுப் போகட்டுமா? ஒரு மூலையில படுத்துக்கும், பாவம். ஆள் இருந்தாப் போதும் அதுக்கு."

ராத்திரி முழுக்க நெருப்புக்கு முன்னால் நின்று இவர்கள் காலையில் அவித்த அவரைக்கொட்டையைத் தொட்டுத் தின்கிற ரொட்டியை எடுத்துப் போட்டவன் நான். சும்மா. நாயின் எச்சில் பட்டால் தொழுகைக்கு ஆகாது என்று சொல்லி எழுந்துவிட்டேன். உண்மையைச் சொன்னால் அந்த நாட்களில் வெள்ளிக்கிழமை மட்டும்தான் தொழுவேன். ஆனாலும் அது சரியான காரணம்தான்.

அப்லா பழக்க ஆரம்பித்தார். நான் என் படியில் உட்கார்ந்து கேட்பேன். சாவியைக் குலுக்குவார், போகமாட்டார். வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டு நிற்பார். நாய் முனகும், அவர் திரும்பிப் போவார். சில நாளில் நாய் சாவிச் சத்தத்துக்குப் பேசாமலிருக்கக் கற்றுக்கொண்டது. ஆனால் பாடம் சொல்லும் நேரம் வந்துவிட்டால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு அரை நாள் போய்விடுவார். கட்டியதையெல்லாம் அந்த அரை நாள் இடித்துவிடும். மருத்துவர் சொன்னதை அவர் முழுதாகச் செய்யவில்லை, பாஷா. இதை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

அந்த மாதம் என் கை வெந்தது. தூக்கமில்லாமல் நின்றவன், அடுப்பு வாயின் இரும்பில் முழங்கைக்குக் கீழே சாய்த்துவிட்டேன். வலி தெரியவே நேரமாயிற்று, வாடை வந்த பிறகுதான் பார்த்தேன். முதலாளி மஹ்ரூஸ் எல்லோர் முன்னாலும் சொன்னார்:

"அப்துல் ஷாஃபி, நீ நின்னுக்கிட்டே தூங்கற. ஒருநாள் ரொட்டிக்குப் பதிலா உன்னையத்தான் வெளிய எடுக்கவேண்டி வரும். போய்த் தவிட்டுப் பக்கம் நில்லு."

ரொட்டி பலகையில் ஒட்டாமலிருக்க அடியில் தவிடு தூவுவார்கள். புதிதாக வருகிற பையன்களுக்குக் கொடுக்கிற வேலை. அடுப்பு வாய் என்பது ஒரு மனிதனுக்கு இடம். அங்கே நிற்கிறவனைப் பார்த்துத்தான் மற்றவன் எல்லாம் கையை அசைப்பான். நான் அங்கே நின்று தலை நரைத்தவன். என்னைத் தவிட்டுக்குத் தள்ளியது மஹ்ரூஸ் இல்லை. யார் என்று எனக்குத் தெரியும். தூக்கம் திரும்பினால்தான் இடம் திரும்பும். இதுதான் எனக்கிருந்த ஒரே கவலை. இதற்குமேல் நான் எதற்கும் ஆசைப்படவில்லை.

ஒரு விடியலில் வேலை முடிந்து வரும்போது கொஞ்சம் மாவைக் கையில் உருட்டிக்கொண்டு வந்தேன். அப்லாவின் கதவில் உள்ளிருந்தும் சாவி போட்டே திறக்கிற பழைய பூட்டு, அதன் சாவித் துளைக்குள் வைத்து விரலால் அழுத்தினேன். நம்முடைய மாவு காய்ந்தால் சிமெண்ட்டுக்குச் சொல்லிக்கொடுக்கும். காலையில் அவரால் கதவைத் திறக்க முடியவில்லை. குழி வழியாகக் கினாவியைக் கூப்பிட்டார். பூட்டுக்காரன் சாயங்காலம்தான் வந்தான். அன்றைக்கு முழுக்க அப்லா வீட்டுக்குள்ளேயே இருந்தார்.

ஒரு சத்தம் இல்லை. நான் செத்த பிணம்போலத் தூங்கினேன். எழுந்தபோது கண்ணில் மணல் இல்லை. மாடிச் சுவரில் சாய்ந்து புறாக்களைப் பார்த்துக்கொண்டு ஒரு சிகரெட் பிடித்தேன். அப்போதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. என் இடத்தில் வேறு எவனாவது இருந்தால் நாய்க்கு விஷம் வைத்திருப்பான். எங்கள் தெருவில் அது புதிதில்லை, இறைச்சியில் வைத்து எறிந்தால் ஒரு ராத்திரியில் முடிந்துவிடும். என்னால் அது முடியாது. வாயில்லாப் பிராணி. அதனிடம் தப்பே இல்லை. தப்பு வெளியே போகிறவரிடம் இருக்கிறது.

அவர் வெளியே போகாமலிருக்க நல்ல வழியைத்தான் முதலில் பார்த்தேன். கடையில் ரொட்டி கொடுக்கும் சன்னலுக்கு வெளியே காலையில் பெண்கள் வரிசை நிற்கும். அப்லாவிடம் படிக்கும் பிள்ளைகளின் தாய்மாரும் அதில் உண்டு. தவிடு தூவுகிறவன் சன்னலுக்குப் பக்கத்தில்தான் நிற்பான்.

"உங்க பொண்ணு பிரெஞ்சு நல்லாப் பேசுதா?" என்று ஒருத்தியைக் கேட்டேன்.

"ஏதோ பேசுது உஸ்தா. எனக்கென்ன தெரியும், அது திட்டினாலும் நான் தலையாட்டணும்."

"அப்லா நல்ல மனுஷி. நாயோட ஒரே கட்டில்ல படுக்கறாங்க, அது ஒண்ணுதான். அதுக்கு உடம்பெல்லாம் சொறி. துணியில முடியோட அப்படியே கிளம்பி வர்றாங்க, பாவம் வயசாயிடுச்சு."

பின்னால் நின்றவள் மூக்கைப் பிடித்தாள். "ஐய, அந்தக் கையாலயா எம் பையன் கன்னத்தத் தட்டறாங்க?"

அவ்வளவுதான் நான் செய்தது. பக்கத்து வீடுகளில் பாடம் ஒவ்வொன்றாக நின்றது. ஆனால் அப்லாவுக்குப் பிடிவாதம். பக்கத்தில் போனால் தூரத்தில் பிடித்தார். ரோத் அல்ஃபரஜில் ஒரு வீடு, ஆற்றைத் தாண்டி இம்பாபாவில் ஒரு வீடு. பேருந்து நெரிசலில் போய்த் திரும்ப இன்னும் நேரம். முன்பு அரை நாள் குரைத்த நாய் இப்போது பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்ன பிறகும் குரைத்தது. யார் பேச்சையும் கேட்காதவர்களுக்கு நல்லது செய்வது கஷ்டம்.

வியாழக்கிழமை பஹானா படி கழுவுவாள். மேல் மாடியிலிருந்து வாளி வாளியாக ஊற்றி, சோப்புத் தூள் போட்டுத் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டே கீழே போவாள். அவள் கீழே போய்ச் சேரும்போது மேல்படிகள் ஈரமாக இருக்கும், ஆனால் வழுக்காது. நன்றாகத் தேய்த்துவிடுவாள். அதில் அவளைக் குறை சொல்லக்கூடாது.

ரொட்டிக் கடையில் வேலை செய்கிற எல்லோருக்கும் ஒன்று தெரியும். எண்ணெய் சிந்தினால் கண்ணுக்குத் தெரியும், சுற்றிப் போவோம். ஈரத் தரையில் பொடித்தவிடு விழுந்தால் தெரியாது. கொஞ்ச நேரத்தில் கஞ்சியாகிவிடும், மேலே கால் வைத்தால் தரையே நகர்ந்த மாதிரி இருக்கும். நாங்கள் எல்லோரும் ஒரு தடவையாவது விழுந்திருக்கிறோம். சலித்த பொடித்தவிடு கொஞ்சம் பையில் கொண்டுவந்தேன். அப்லாவின் வாசலுக்குக் கீழே படி திரும்புகிற இடத்தில், தேய்ந்த கிண்ணத்தில், தேவையான அளவு தூவினேன். கால்தான் என் கணக்கு. ஒரு கால். வெளியே போவது காலால்தானே.

பிறகு அறைக்குப் போய்ப் படுத்தேன்.

சாவிச் சத்தம் கேட்டது. கதவைச் சாத்தினார். நாய் முனகியது. அப்புறம் பெரிய சத்தமில்லை, மாவு மூட்டையை இறக்கும்போது வருமே, அவ்வளவுதான். அப்லா கூப்பிட்டார். முதலில் கினாவியை, பிறகு பஹானாவை. கினாவி சந்தைக்குப் போயிருந்தான். பஹானா தண்ணீர்க்குழாயைத் திறந்துவிட்டுக் கீழே வாளிகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். மூன்றாவதாக என்னைக் கூப்பிட்டார். "உஸ்தா அப்துல் ஷாஃபி" என்று முழுப் பேரும் சொல்லி.

நாய் குரைத்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு அது குரைத்தது பயத்தில் இல்லை. எனக்கு அதன் குரல் அத்துப்படி. அன்றைக்கு அது ஆளைக் கூப்பிட்டது. நிறுத்தி, கேட்டு, மறுபடி கூப்பிட்டது. ஐந்து மாடியிலும் ஆள் இருந்தது. ஒரு கதவு திறக்கவில்லை. "மறுபடியும் ஆரம்பிச்சிருச்சு" என்று யாரோ ஒருத்தி சன்னலைச் சாத்தினாள். நான் கீழே போனால் முதல் ஆளாக நான்தான் நிற்பேன். அது நன்றாக இருக்காது. அதோடு அது என் தூங்கும் நேரம். தலையணையைக் காதில் வைத்துக்கொண்டேன்.

பஹானாதான் பார்த்தாள். ஒரு நாற்காலியில் கட்டிக் கீழே இறக்கினார்கள், நானும் ஒரு பக்கம் பிடித்தேன். இடுப்பெலும்பு. காலைக் கணக்குப் போட்டேன், கொஞ்சம் மேலே போய்விட்டது. படியைப் பஹானா அழுதுகொண்டே திரும்பக் கழுவினாள். அவளே கழுவிவிட்டாள், பாஷா. என்ன கிடந்தது என்று யாரும் பார்க்கவில்லை.

குடியிருப்பவர்கள் கூடிப் பேசினார்கள். சோப்பை அலசாமல் விட்டுவிட்டாள் என்றார்கள்.

"குர்ஆன் மேல சத்தியமா அலசினேன்," என்றாள் பஹானா. "உஸ்தா, நீங்க அப்பத்தானே படியேறிப் போனீங்க. வழுக்குச்சா, சொல்லுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"நான் சுவரோரமாப் போனேன்மா," என்றேன். "நடுவுல எப்படி இருந்துச்சுன்னு தெரியாது."

அது பொய்யில்லை. நான் சுவரோரமாகத்தான் போனேன். மாத முடிவில் கினாவியையும் அவளையும் அனுப்பிவிட்டார்கள். அவர்கள் தெற்கே சொந்த ஊரான கினாவுக்கே திரும்பிப் போனார்கள்.

அப்லா ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் மதாம் நிமத் வந்து வீட்டில் தங்கினார்கள். நாய்க்கு ஆள் இருந்தது. பிறகு அப்லா இடுப்பில் இரும்போடு வந்து படுத்தார். தங்கை ஊருக்குத் திரும்பினார்கள், அங்கே அவர்களுக்குக் குடும்பம். அதற்குப் பிறகு நடந்ததைப் பார்த்திருந்தால் அந்தக் கால்நடை மருத்துவர் சந்தோஷப்பட்டிருப்பார். சிம்சிம் கட்டிலுக்கடியில் படுத்தே கிடந்தது. நகம் வளர்ந்தது. தின்றது, உடம்பு தேறியது. ஒரு குரைப்பு இல்லை. நான் தூங்கினேன். மஹ்ரூஸ் என்னை மறுபடி அடுப்பு வாயில் நிறுத்தினார். ஒரே வேலையில் மூன்று பேருக்கு நன்மை, நாயைச் சேர்த்து.

தினமும் காலையில் அப்லாவுக்குச் சூடு ரொட்டி கொண்டுபோய்க் கொடுப்பேன். அவர் எனக்குச் சாவி கொடுத்தார். மருந்து வாங்கித்தருவேன், நாயை வெளியே கூட்டிப்போவேன். அது என் காலடியில் படுக்க ஆரம்பித்தது. மருத்துவர் சொன்ன முறையில்தான் நானும் பழக்கினேன், முதலில் கொஞ்ச நேரம், அப்புறம் இன்னும் கொஞ்ச நேரம். எச்சில் பட்டால் கழுவிக்கொண்டேன்.

"பாத்தீங்களா உஸ்தா," என்றார் அப்லா ஒருநாள். "இப்ப சிம்சிம் குரைக்கறதே இல்ல."

"டாக்டர் சொன்னது சரியாத்தான் இருக்கு அப்லா. ஆள் இருந்தாப் போதும் அதுக்கு."

"எனக்கு ஒண்ணுதான் உறுத்துது. பஹானாவ அனுப்பியிருக்கக்கூடாது. நான் சோப்புல வழுக்கல. சோப்பு எனக்குத் தெரியாதா? கையை ஊணினேன், கையில ஏதோ கொழகொழன்னு ஒட்டுச்சு. கஞ்சி மாதிரி. அவகிட்ட ஒரு வார்த்தை கேக்கணும். நம்பர் இருக்கா?"

"விசாரிச்சுப் பாக்கறேன் அப்லா."

"சீக்கிரம் விசாரிங்க. அடுத்த மாசம் இம்பாபா வீட்டுக்குப் போகலாம்னு இருக்கேன். கைத்தடி வச்சு நடக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டாரு. இங்க படுத்துக் கிடந்தா நான் செத்துருவேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குக் கஞ்சி பெரிதாகப் படவில்லை. கஞ்சி என்று சொன்னால் யாருக்கு என்ன புரியும். இம்பாபாதான் எனக்குப் பட்டது. அந்த நாய் ஒன்றும் தெரியாமல் கட்டிலுக்கடியில் தூங்கிக்கொண்டிருந்தது. கைத்தடியும் சாவிக்கொத்துமாக அவர் கிளம்புவார், கதவைச் சாத்துவார், மறுபடி முதலிலிருந்து. நகம், ரத்தம், எல்லாம். இவ்வளவு பாடுபட்டுத் தேற்றிய பிராணியை.

அப்லாவுக்குத் தினமும் ஒரு ஊசி. தொப்புளுக்குப் பக்கத்தில் தானே போட்டுக்கொள்வார். மருந்துக்கடைக்காரர் என்னிடம் கொடுக்கும்போதெல்லாம் சொல்வார்: "ஒருநாள்கூட விடக்கூடாது உஸ்தா. படுத்தே கிடக்கறவங்களுக்கு ரத்தம் கால்ல கட்டிக்கும். அது நெஞ்சுக்கு ஏறிட்டா ஒண்ணும் பண்ண முடியாது."

நல்ல மனிதர். விளக்கமாகச் சொல்வார். நான் விளக்கமாகக் கேட்டுக்கொள்வேன்.

அந்த வாரம் ஊசி கிடைக்கவில்லை என்று அப்லாவிடம் சொன்னேன். நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே, அவர் நம்பினார். அடுத்த வாரமும் கிடைக்கவில்லை. "வேற கடையில கேட்டீங்களா உஸ்தா?" என்றார். கேட்டேன் என்றேன். நடக்கவேண்டாம் என்றும் சொன்னேன், நீங்கள் கைத்தடியைத் தொட்டாலே நாய்க்கு நடுக்கம் வருகிறது என்று. நாய்க்காக அவர் நடக்காமல் படுத்தார். அந்த அளவுக்கு அவருக்கு அதன்மேல் பாசம், அதை நான் மறுக்கமாட்டேன். அவருக்குக் கால் வீங்கியது. வெறும் படுக்கை வீக்கம் என்றேன்.

நான் அவருக்கு எதையும் கொடுக்கவில்லை, பாஷா. கொடுக்காமல் இருந்தேன். ஒருநாள் காலை ரொட்டியோடு போனேன். மூச்சு முட்டிக்கொண்டிருந்தார். என் சட்டையைப் பிடித்தார். நாய் கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்தது, குரைக்கவில்லை. நான் கட்டில் ஓரம் உட்கார்ந்து அதன் தலையைத் தடவிக்கொண்டிருந்தேன், பயந்துவிடக்கூடாது என்று. முடிந்த பிறகுதான் கீழே போய்ச் சொன்னேன். எல்லோரும் எனக்குத்தான் ஆறுதல் சொன்னார்கள்.

அடக்கம் ஆன அன்றைக்கே நாயை மேலே என் அறைக்குக் கூட்டிப்போனேன். ஒரு நாள்கூட அது தனியாக இல்லை. வேலைக்கும் கூட வரும், கடையின் பின்வாசலில் விறகுக்குப் பக்கத்தில் படுத்துக்கொள்ளும். பகலில் என் காலடியில் தூங்கும். நானும் தூங்குவேன். இரண்டு பேர் மூச்சும் ஒன்றாகக் கேட்கும்.

முகத்தைப் பார்த்தால் தெரிகிறது, நீங்கள் என்ன கேட்கப்போகிறீர்கள் என்று. அப்லா கேட்ட அன்றைக்கே நாயை அறையில் சேர்த்துக்கொண்டிருந்தால் முடிந்திருக்குமே என்று. முடிந்திருக்கும். எனக்கும் அது தெரியும், பகலில் அது படுத்திருப்பதைப் பார்க்கும்போது தெரிகிறது. ஆனால் அன்றைக்கு அவர் என்னைப் பார்த்துச் சும்மாதானே இருக்கிறீர்கள் என்றார். அதற்குமேல் ஒரு மனிதன் எப்படிச் சரி என்று சொல்வான்.

எழுதிக்கொள்ளுங்கள். தவிட்டைத் தூவியது நான். ஊசியை வாங்காமல் விட்டதும் நான். பஹானாவுக்கு இதில் ஒன்றுமில்லை. கையெழுத்துப் போடுகிறேன், பேனா கொடுங்கள். திருடன் என்கிற வார்த்தையை மட்டும் அடித்துவிடுங்கள்.

இனி என்னை வெளியே விடமாட்டீர்கள். அது எனக்குப் புரிகிறது. அறைச் சாவி உங்கள் ஆளிடம் இருக்கிறது. யாரை அனுப்பினாலும் சாவியைக் குலுக்காமல் போகச் சொல்லுங்கள். கதவைத் திறந்ததும் கொஞ்சக்கூடாது, கூப்பாடு போடக்கூடாது. ஒரு ஓரமாக உட்கார்ந்தால் அதுவே வரும். மதாம் நிமத்திடம் கொடுக்காதீர்கள். அந்த அம்மா கல்யாணம், விருந்து, கடைத்தெரு என்று எந்நேரமும் வெளியே போகிறவர்கள்.

கினாவுக்கு ஆளனுப்பிப் பஹானாவை வரவழையுங்கள். அவள் கதவுக்கு வெளியே படி கழுவும்போது நாய் குரைக்காது. அவளை அதற்குப் பிடிக்கும். வேலை போன பிறகு அவள் எங்கே போகப்போகிறாள், நாள் முழுக்க வீட்டில்தான் இருப்பாள். அதற்கு வேண்டியது அதுதான். அவள்மேல் பழி இல்லை என்று நீங்களே சொல்லிவிட்டு நாயைக் கையில் கொடுங்கள்.

அவளோடு கினாவியும் வருவான். அவனிடம் மறக்காமல் கேளுங்கள், பாஷா. ஊருக்குப் போன அன்றைக்கு, ரயிலில் பசிக்கும் என்று என்னிடம் இருபது ரொட்டி வாங்கிக்கொண்டு போனான். காசு அப்புறம் தருகிறேன் என்றான். இன்னும் தரவில்லை.